ஒரு மூடி, அரை வாளி

அம்மா செத்த முப்பத்தோராம் நாள் காலையில் அப்பா பெரியப்பாவோடு கடற்கரைக்குப் போனார். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால் அம்மாவின் கிரிகைகளை அப்பாதான் செய்தார். கடற்கரையில் செய்யவேண்டியதை முடித்துக்கொண்டு ஐயரோடு வருவார், மிச்சக் கிரிகை வீட்டு நடு அறையில். அதற்குள் வீடு கழுவப்பட வேண்டும். அப்பாவுக்கு முட்டு வருத்தம். கழுவும் மருந்தின் நெடி கூடினால் மூச்சு இழுக்கும். இழுத்தால் கிரிகையில் இருக்க ஏலாது. கொள்ளி வைத்தவர் அவர், அவருக்குப் பதிலாகப் பெரியப்பாவும் இருக்கக்கூடாது.

கழுவுவதற்கு அம்மா வாங்கி வைத்த வெள்ளைக் கேன் குசினி மூலையில் இருந்தது. துறைமுகப் பக்கம், படகுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் சாமான் கொடுக்கிற கடையில் வாங்குவது. தண்ணீர் கலக்காத கட்டி மருந்து. ஒரு கேன் வாங்கினால் மாதக்கணக்கில் வேறு ஒன்றும் வாங்கத் தேவையில்லை. கடையில் நிலம் கழுவும் வாசப் போத்தல்களைக் காணும்போது அம்மா சொல்வது ஒன்றுதான். "அதில முக்காவாசி தண்ணி. தண்ணி எங்கட கிணத்திலயும் கிடக்கு."

கேனில் எழுதியிருந்தது இங்கிலீசு. அம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைக்காரரிடம் கேட்டுத்தான் பாடமாக்கினார். அரை வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி. முதலில் தண்ணீர், பிறகு மருந்து. கையுறை போடவேண்டும், யன்னல் திறக்கவேண்டும். கக்கூஸ் கழுவும் அசிட்டோடு ஒருநாளும் சேர்க்கக்கூடாது. சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவும் கூடாது, ஆரும் குடித்துவிடுவார்கள். அம்மா கும்பிடும்போதுகூட இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

சாம்பல்தீவிலிருந்து அம்மாவின் தமக்கை, என் பெரியம்மா, தன் மகளோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். வந்தவுடன் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேனைக் கேட்டார். மூடியால் அளக்கவேண்டும் என்று நான் சொன்னேன். பெரியம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அவள் சீவியம் முழுக்க மூடியால அளந்தவள். இண்டைக்கெண்டாலும் தாராளமா ஊத்துவம்."

சொல்லிக்கொண்டே குசினி வாசலில் வைத்த வாளித் தண்ணீருக்குள் கேனைச் சரித்தார். செத்த வீட்டில் அளந்து ஊற்றினால் துடக்குப் போகாதாம். துடக்குக்கும் கேனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. துடக்கு நன்றாகக் கழியட்டும் என்று ஒரு பிடி மஞ்சள்தூளையும் அதற்குள் போட்டுக் கலக்கினார்.

சுண்ணாம்பில் மஞ்சள் பட்டதுபோல் தண்ணீர் இரத்தச் சிவப்பாக மாறியது.

நாங்கள் மூன்று பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெரியம்மாவின் மகள்தான் முதலில் வாய் திறந்தாள். "அம்மா, நீங்கள் ஆலாத்தி எல்லோ கரைச்சு வைச்சிருக்கிறியள். ஆர் மாப்பிளை?"

பெரியம்மா அவளுக்கு ஒரு அடி போட்டார். நெடியில் பெரியம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அயல்வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, தங்கச்சியை நினைத்து அழவேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். பெரியம்மா அதை மறுக்கவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டார்.

பிறகு சிவப்பை முறிப்பதற்கு என்று கக்கூஸ் அசிட் போத்தலை எடுத்து மூடியைத் திருகினார். நான் கையைப் பிடித்துவிட்டேன். அம்மா செத்த நாளிலிருந்து நான் ஆரோடும் பெரிதாகக் கதைக்கவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டேன், படு என்றால் படுத்தேன்.

"பெரியம்மா, அதை ஊத்தாதேங்கோ. ரெண்டும் சேந்தா எங்களுக்கே மூச்சு அடைக்கும். அப்பா வந்து இதுக்குள்ளதான் இருக்கப்போறார்."

"உனக்கு ஆரடி சொன்னது?"

"அம்மா."

பெரியம்மா போத்தலை மூடித் தந்தார்.

சிவப்பு வாளியை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கொட்ட மனம் வரவில்லை, மாதக்கணக்கான மருந்து அதற்குள் இருந்தது. கையுறையைப் போட்டுக்கொண்டு வேறு வாளிகளில் கிணற்றுத் தண்ணீர் நிறைத்து, சிவப்பில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விட்டேன். பெரியம்மாவின் மகள் எல்லா யன்னல்களையும் திறந்தாள். நடு அறையை முதலில் கழுவி, இரண்டு தரம் வெறும் தண்ணீர் ஊற்றித் தள்ளினோம். எங்கள் வீட்டு நிலம் சிவப்புச் சீமெந்து, அதனால் நிறம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விறாந்தை, குசினி, படலை எல்லாம் கழுவினோம். அப்போதும் மருந்து மிஞ்சியது. அயல்வீட்டுக்காரிக்கும் படி கழுவ ஒரு வாளி கொடுத்தோம். ஆறுதல் சொன்னவர்தானே.

ஓட்டோச் சத்தம் கேட்டது. அப்பா ஈர வேட்டியோடு இறங்கி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். நானும் உறிஞ்சிப் பார்த்தேன். அப்பா உள்ளே போய்ப் பாயில் இருந்தார்.

ஐயர் தொடங்கினார். நான் தூணோடு நின்று அப்பாவின் முதுகைப் பார்த்தேன். ஏறியது, இறங்கியது. நடுவில் இரண்டு தரம் இருமினார், இழுக்கவில்லை. ஐயர் எழும்பச் சொல்லும்வரை அப்பா எழும்பவில்லை. அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றதால் அம்மாவுக்காக என்ன மந்திரம் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.