இடைவேளை நேரத்து நீலம்

தம்பி சுவிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறான். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. அம்மாவைப் பாரிசவாதம் படுக்கையில் விழுத்தியபோதும் அவனால் வர முடியவில்லை. வவுனியாவில் இருக்கும் சிநேகிதன் ஒருவனைப் பிடித்து, புளியங்குளத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், அம்மாவின் கட்டிலுக்கு மேலே, நிறம் மாறும் லைற் ஒன்றைப் பூட்டுவித்தான். வீட்டு இன்டர்நெட்டோடு இணைத்துவிட்டால் போதுமாம், அங்கேயிருந்து தன் போனிலுள்ள செயலியால் விரும்பிய நிறத்தில் எரிய வைப்பானாம். அம்மாவுக்கு நல்ல மெத்தை ஒன்று இல்லை, இவன் கலர் லைற் பூட்டுகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்குப் பேச்சுப் போய்விட்டது. போனைக் காதில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதல் நாள் தம்பி சிவப்பை அனுப்பினான்; அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பச்சையை அனுப்பினான், ஒன்றுமில்லை. நீலம் வந்ததும் ஒருபக்க வாயால் சிரித்தார். கழுவித் துடைத்துப் புரட்டிப் படுக்க வைக்கிறவள் நான், சிரிப்பு பல்புக்கு. எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது.

அதன் பிறகு தினமும் நீலம்தான். எங்களுக்கு விளக்கு வைக்கும் நேரம் அவனுக்கு மதிய இடைவேளை. முதலில் வெளிச்சம் வரும், பின்னாலேயே போன் வரும். அம்மா பார்த்தவாவோ என்று கேட்பான். ஓம் என்பேன். அவ்வளவுதான் எங்கள் கதை.

இந்த லைற்றுக்குச் சுவரிலுள்ள சுவிச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். அது எங்களுக்குச் சரிவருமா? சண்டைக் காலம் முழுவதும் ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயைச் சிக்கனம் பிடித்து வளர்ந்த ஆட்கள். சுவிச்சைக் கண்டால் கை தானாகவே நூத்துவிடும். அப்படி நான் நூத்த நாட்களில் அவனுடைய போன் தொடர்பில்லை என்று காட்டும். அம்மாவுக்கு என்ன என்று பதறிக்கொண்டு எனக்குப் போன் எடுப்பான். கடைசியில் சுவிச்சின் மேல் பிளாஸ்ரர் ஒட்டினேன். செயலியை என் போனிலும் போட்டுத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். இந்த வீட்டில் அவன் கையால் நடக்கிற காரியம் அது ஒன்றுதான். அதிலும் நான் பங்குக்குப் போவதா?

ஒரு மத்தியானம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது அம்மா போய்விட்டார். தம்பிக்கு எடுக்கப் போனைக் கையில் தூக்கினேன், பிறகு வைத்துவிட்டேன். வேலை நேரத்தில் அவனுடைய போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். திறந்ததும் நான் எடுத்ததைப் பார்த்துத் தனியே நின்று பதறுவான். இடைவேளையில் அவனே எடுப்பான், அப்போது பக்குவமாகச் சொல்வோம் என்று நினைத்தேன். சொந்தக்காரரிடமும், ஒருவரும் அவனுக்கு அறிவிக்க வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

குளிப்பாட்டி, அதே முன்னறையில் கிடத்தி, தலைமாட்டில் குத்துவிளக்கு ஏற்றினோம். சனம் வந்து நிறைந்தது. பொழுதுபட்டதும் மேலே நீலம் எரிந்தது.

அழுகை நின்றுபோனது. செத்தவீட்டில் கலர் லைற்றோ என்று பெரியம்மா முணுமுணுத்தார். சித்தப்பா எழுந்து போய், சுவிச்சில் ஒட்டியிருந்த பிளாஸ்ரரை உரிக்கத் தொடங்கினார். நான் ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தேன்.

“நூக்காதேங்கோ சித்தப்பா. அவனுக்கு இன்னும் அம்மா இருக்கிறா.”

அவர் கையை எடுத்துவிட்டு என் தலையைத் தடவினார். அதற்குள் போன் அடித்தது.

“அக்கா, அம்மா பாத்தவாவோ?”

ஓம் என்பதுதான் பழக்கத்தில் வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு நின்றேன். பின்னால் பெரியம்மா ஒப்பாரி எடுத்தார்.

அது தம்பிக்கும் கேட்டிருக்கும். போனை அவன் வைக்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அம்மாவின் மேலிருந்த நீலம் மெல்ல மாறி, வெறும் வெள்ளையானது.