பெங்களூருக்குச் சாப்பிடப் போன ஞாயிறு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன், அதிலும் பாதி நாள் ஆடு ஓட்டப் போய்விடுவேன். கொம்பு போட வேண்டிய இடத்தில் கால் போட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் கூடிப்போனது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சில நேரம் பிடிபடுவதில்லை. ஆனாலும் வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் கூச்சத்தில் சொல்லமாட்டேன். அதனால் எழுதுகிறேன்.

ஓசூரில் சிப்காட்டுக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகன் வண்டிக்கு உதிரிப் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறான். மருமகள் மத்தூர்க்காரி. பேத்தி நான்காவது படிக்கிறாள். என்னைக் கட்டியவர் குடித்தே போனவர். மகனும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தான். சம்பளத்தன்று விழுந்து எழுந்து வருவான், மறுநாள் ஷிப்டுக்குப் போகமாட்டான். மருமகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன்.

எங்கள் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவர்கள் சாமி முன்னால் கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். பூசாரி முதலில் கேட்பது, "எவ்ளோ நாளைக்கு?" என்பதுதான். மூன்று மாதம் என்கிறவர்கள் உண்டு. அடுத்த திருவிழா வரைக்கும் என்கிறவர்களும் உண்டு. சொன்ன கெடு வரைக்கும் சாமிக்குப் பயந்து தொடமாட்டார்கள். கெடு முடிந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டு, நேராகக் கடைக்குப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மகன் ஒரு வருஷம் என்றான். பூசாரி முடிச்சுப் போட்டார்.

மருமகள் அங்கேயே, பூசாரி காதில் விழவே சொன்னாள்: "சாமிக்கு ஒரு வருஷம். எனக்கு ஆயுசுக்கும். இனிமே ஒரு தடவ வாய் வெச்சீங்கன்னா, புள்ளயக் கூட்டிக்கிட்டு மத்தூருக்குப் போயிடுவேன். கூப்புட வராதீங்க."

அவள் சத்தம் போட்டுச் சொல்கிறவள் அல்ல. சொன்னால் செய்கிறவள்.

அந்த வருஷம் நன்றாகப் போனது. வீட்டில் சிரிப்பு இருந்தது. மகன் உடம்பு தேறினான். அப்போதுதான் அவனோடு வேலை செய்கிற சிநேகிதருக்குப் பதவி உயர்வு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக ரூமில் இருப்பவர். எங்கள் வீட்டில் அவ்வப்போது சாப்பிடுவார். அதற்காகவோ என்னவோ, எங்கள் எல்லோரையும் பெங்களூரில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

"தென்னாட்டுச் சாப்பாடு மதினி. களி, கீர, நாட்டுக்கோழி எல்லாம் இருக்கும்."

மருமகள் கேட்டாள்: "நாம என்னா வடநாட்லயா இருக்கறோம், களி திங்க பெங்களூர் போறதுக்கு?"

"அங்க ஏசியப் போட்டு, லைட்ட அமத்திக் குடுப்பாவ மதினி. அதுக்குத்தான் போறது."

அவள் சிரித்துவிட்டாள். எனக்குப் போக இஷ்டமில்லை. நாலு பேர் பார்க்கச் சாப்பிட எனக்குக் கூச்சம். பேத்தி விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் காரில் போனோம். அத்திப்பள்ளி தாண்டியதும் போர்டெல்லாம் கன்னடமாக மாறியது. மேம்பாலம் இறங்கி உள்ளே எங்கேயோ சுற்றினோம். ஓட்டல் பெயர் எனக்கு நினைவில்லை. உள்ளே நடுப்பகலிலும் இருட்டாக இருந்தது. பாட்டு நெஞ்சில் வந்து இடித்தது. நாற்காலி உயரமானது, என் கால் தரைக்கு எட்டவில்லை. தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார ஒரு மாதிரியாக இருந்ததால் கொஞ்ச நேரம் கழித்து மேலே மடித்து வைத்துக்கொண்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் பக்கத்தில் மகன். எதிரில் சிநேகிதர், அவர் பக்கத்தில் மருமகளும் பேத்தியும். சிநேகிதர்தான் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார். எனக்கு மோர் சொன்னார். மற்றவர்களுக்கு நாவல் பழத்தில் செய்தது என்று, கண்ணாடி டம்ளரில் ஊதா நிறத்தில் வந்தது. நான்கும் ஒரே மாதிரி. டம்ளர் விளிம்பு முழுக்க உப்பும் மிளகாய்ப் பொடியும் ஒட்டியிருந்தது. உள்ளே கைப்பிடி அளவு ஐஸ் கட்டி, மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை.

"மாங்கா வண்டியில தர்ற மாதிரியே இருக்குது ஆயா" என்று பேத்தி விளிம்பை நக்கினாள். பிறகு கை பிசுபிசு என்கிறது என்றாள். மருமகள் அவளைக் கை கழுவக் கூட்டிப்போனாள்.

அப்போது மகன் தன் டம்ளரை என் பக்கமாக நகர்த்தினான். எனக்கு வாசனை வந்தது. நாவல், உப்பு, கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த வாசனை. அந்த வாசனையோடு ஒரே பாயில் படுத்திருந்தவள் நான். எவ்வளவு பூ வைத்து மூடினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

"என்னாடா இது?" என்றேன்.

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "கெடு முடிஞ்சு போச்சும்மா. கயித்தக் கூட அவுத்துட்டேன்."

முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். கையை நான் கவனித்திருக்கவில்லை.

"அவகிட்ட சொன்னியா?"

"சொல்லிக்கலாம். ஒரு டம்ளர்தான். இவன் ஒத்தையில குடிச்சா நல்லாவா இருக்கும்? சாமி ஒண்ணும் சொல்லாது."

"சாமி சொல்லாது. அவ சொல்லுவா."

சிநேகிதர் காதில் விழுந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். "லேசாத்தான் அம்மா, பழச்சாறுதான் சாஸ்தி" என்றார். எனக்கு அதற்கு மேல் பேச வாய் வரவில்லை. அந்நிய இடம், அந்நிய மனுஷர். வீடாக இருந்தால் பிடுங்கிக் கொட்டியிருப்பேன்.

அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பேத்தி உட்கார்ந்ததும் தன் டம்ளரை ஒரே மூச்சில் முடித்தாள். பிறகு மேசைமேல் எக்கிக் கையை நீட்டினாள்.

"அப்பா, உன்னுது குடு."

"வேணாம், காரம்."

"என்னுதும் காரந்தான். ஒரு வாய் குடுப்பா."

"குடுங்களேன், இல்லன்னா விடமாட்டா" என்றாள் மருமகள்.

மகன் கை அசையவில்லை. பேத்தியின் விரல் டம்ளரைத் தொட்டது. நான் எடுத்துவிட்டேன். "ஆயாவுக்குத் தாகமா இருக்குது கண்ணு" என்று சொன்னேன். எடுத்தவள் குடித்துத்தானே ஆக வேண்டும்.

நான் எந்த டம்ளரிலும் வாய் வைத்துக் குடிப்பதில்லை. மகனே ஆனாலும் எச்சில் எச்சில்தான். அண்ணாந்து ஊற்றித்தான் குடிப்பேன். நான் கை தூக்கி, தலையைச் சாய்த்து ஊற்றினேன். புளிப்பு, உப்பு, காரம், அதற்குப் பிறகு தொண்டையில் தீ. பாதிக்கு மேல் இறங்கியபோது ஐஸ் கட்டி முழுசாக வந்து மூக்கின்மேல் விழுந்தது. மிச்சமெல்லாம் கழுத்து வழியாக இறங்கிப் புடவை முன்பக்கம் நனைந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மேசையிலும் சிரித்தார்கள். பேத்தி கை தட்டினாள். மருமகள் சிரித்துக்கொண்டே எழுந்து, பேப்பர் துண்டுகளை அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள். "என்னா அத்த, கொழா தண்ணின்னு நெனச்சிட்டீங்களா?" என்று குனிந்து என் மார்பைத் துடைத்தாள்.

துடைத்த கை நின்றது. அவள் முகம் என் முகத்துக்கு அருகில் இருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது, உள்ளே ஆள் இல்லை.

"மூச்சு வாங்கிக்கங்க அத்த" என்று மட்டும் சொன்னாள். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு களி வந்தது. எலுமிச்சம் பழ அளவில் ஆளுக்கு இரண்டு, இலை வைத்த தட்டில். சிநேகிதர் அதைச் சோறு மாதிரி மென்று தின்றார். மென்றால் பல்லில் ஒட்டும், குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று பேத்தி அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். கோழிக் குழம்பு நன்றாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு நாக்கு மரத்திருந்தது. மருமகள் பேத்திக்கு எலும்பு நீக்கிக் கொடுத்தாள். தன் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சிநேகிதரைப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க. ரொம்ப சந்தோசம்" என்றாள். மகன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவன் களியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

வரும் வழியில் எனக்குத் தலை சுற்றியது. அத்திப்பள்ளிக்கு முன்னால் காரை ஓரம் கட்டச் சொல்லி வாந்தி எடுத்தேன். மருமகள் இறங்கி வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் அவள் கையைப் பிடித்து, "அவன் குடிக்கலம்மா, நான்தான் குடிச்சேன்" என்றேன். அவள் முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பையை எடுத்து வைத்தாள். மகன் வாசற்படியில் நின்று, "நான் குடிக்கல. எங்கம்மாவையே கேளு" என்றான்.

"கேக்கறதுக்கு என்னா இருக்குது? ஒங்க முன்னாடி இருந்தத அத்த எடுத்துக் குடிக்கற அளவுக்கு வெச்சீங்கல்ல. புள்ள கை வெச்சுது. பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை வண்டிக்குக் கிளம்பினாள். போகும்போது என்னிடம் வந்து, "பொடவைய ஊற வெச்சிருக்கேன் அத்த. அலசிப் போட்டுக்கங்க. மாத்திரைய சாப்புட்டப்பறம் போட்டுக்கங்க" என்றாள். பேத்தி பள்ளிக்கூடப் பையையும் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

மகன் இரண்டு தடவை மத்தூருக்குப் போனான். அவள் அப்பா தின்பண்டம் கொடுத்து, காப்பி கொடுத்து, திருப்பி அனுப்பிவிட்டார். பேத்தியை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டார்கள் என்று வந்து சொன்னான்.

ஒருநாள் மருமகளே எனக்குப் போன் செய்தாள். சாப்பிட்டீங்களா, முட்டி வலி எப்படி இருக்குது என்றெல்லாம் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அத்த, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அவரு வாய் வெச்சாரா, வெக்கலயா? வாங்கி வெச்சதக் கூட விட்டுடறேன். கெடு முடிஞ்சுதேன்னு சபலம். வாய் வெக்கலன்னு புள்ள மேல சத்தியம் பண்றாரு. நான் நம்பல. நீங்க சொன்னா நம்பறேன். நாளைக்கே வரேன்."

மகன் அப்போது சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். போன் சத்தம் அவனுக்குக் கேட்டது.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது பொய்யென்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால்கூட ஒருவேளை சொல்லியிருப்பேன். தெரியாததுதான் கஷ்டம். நான் டம்ளரைத் தூக்கியபோது விளிம்பில் ஒரு இடத்தில் உப்பு இல்லை. வாய் அகலத்துக்கு வழித்த மாதிரி இருந்தது. அது கண்ணில் பட்டது நிஜம். ஆனால் அவசரத்தில் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேனே, அது என் கட்டைவிரல் பட்டு உதிர்ந்ததா, அவன் உதடு பட்டதா? பேத்தி விரலும் பட்டது. அவள் கை கழுவப் போயிருந்தபோது அவன் டம்ளரை நகர்த்தினானே, அதற்கு முன்னால் தூக்கினானா? அந்த இடம் மட்டும் எனக்கு வரமாட்டேன் என்கிறது. எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் ஒரு தடவை குடிக்கிறான், ஒரு தடவை குடிக்காமல் வைக்கிறான்.

"தெரியலம்மா" என்றேன்.

"சரிங்க அத்த" என்று வைத்துவிட்டாள்.

மகன் அங்கிருந்தே, "நான் குடிக்கலம்மா" என்றான். "ஒன் வாயால அத சொல்றதுக்கு என்னா ஆச்சு ஒனக்கு?" அதற்கப்புறம் என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறான். குடித்துவிட்டு வருவதில்லை, எனக்கு வாசனை தெரியாமல் இருக்காது. ஷிப்டு முடிந்து வந்து, நான் போட்டதைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். களி கிண்டினால் எங்கள் இரண்டு பேருக்கும் அதிகமாகிவிடுகிறது. குறைவாகக் கிண்ட எனக்கு இன்னும் கை வரவில்லை.

சிநேகிதர் மத்தூருக்கே போன் போட்டு, "சத்தியமா அவன் தொடல மதினி" என்று சொன்னாராம். "சிநேகிதனுக்குச் சிநேகிதன் சொல்றது" என்று மருமகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இப்போது வேறு ஊர்க் கிளைக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மேம்பாலம் இறங்கி உள்ளே இருக்கிற அந்த ஓட்டலில், அன்று நாவல் டம்ளர் கொண்டுவந்து வைத்தவர் எங்கள் மேசைக்குப் பக்கத்திலேயேதான் கை கட்டி நின்றுகொண்டிருந்தார். கன்னடம் பேசுகிறவர், நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். அண்ணாந்து குடித்து மேலெல்லாம் கொட்டிக்கொண்ட கிழவியை அவர் மறந்திருக்கமாட்டார். யாராவது போனால் அவரிடம் விசாரித்து, நான் எழுதியதில் எது சரி எது தப்பு என்று பார்க்க வேண்டும். கிழவி எடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருந்தவர் குடித்தாரா என்று கேட்க வேண்டும். எந்தப் பதிலானாலும் எனக்குச் சொல்ல வேண்டாம், மத்தூரில் சொல்லிவிடுங்கள்.