பன்னிரண்டாவது கேள்வி

பொறாமையைப் பற்றி எழுத எனக்கு முழுத் தகுதி உண்டு. பத்தொன்பது வருடமாக ஒரே அலுவலகத்தில், ஒரே கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக அதிகாரியாகிக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போவதைப் பார்த்தவள் நான். அதனால்தான், நான் அக்கா என்று கூப்பிடும் எங்கள் மதிப்பீட்டு அதிகாரியின் வயிற்றெரிச்சல் என்றைக்கு ஆரம்பித்தது, எதுவரை ஏறியது என்பதெல்லாம் எனக்குத் தேதிவாரியாகத் தெரியும். மற்றவர்களுக்கு அவள் கறாரான அதிகாரி, அவ்வளவுதான்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். யாராவது புதிதாக ஒரு பூஞ்சையிலிருந்து மாவு, ஒரு காட்டு விதையிலிருந்து எண்ணெய், ஒரு பூச்சியிலிருந்து பொடி என்று கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். இதுவரை ஜனங்கள் சாப்பிட்டுப் பழகாத எதையும் எங்கள் அனுமதி இல்லாமல் உணவில் சேர்த்து விற்க முடியாது. கம்பெனி கட்டுக்கட்டாகச் சோதனை முடிவுகளை அனுப்பும். மதிப்பீட்டு அதிகாரி ஒருவர் அதை வரி வரியாகப் படித்து, நிபுணர் குழுவுக்குத் தன் கருத்தை எழுத வேண்டும். ஒன்பது மாதம் கெடு. நடுவில் சந்தேகம் வந்தால் கம்பெனிக்குக் கேள்வி அனுப்பலாம்; அதில் அலுவலக முத்திரைதான் இருக்கும், அதிகாரியின் பெயர் இருக்காது. கேள்வி போன நாளிலிருந்து பதில் வரும்வரை கெடு ஓடாது, அப்படியே நிற்கும். இந்த நாட்கணக்கைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைப்பது என் பொறுப்பு. நிற்கும் கோப்புக்குச் சிவப்பு மை, ஓடும் கோப்புக்குப் பச்சை மை.

அக்காவுக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அங்கிருந்து எடுத்துவந்த கைப்பிடி போட்ட பூதக்கண்ணாடி ஒன்று எப்போதும் அவள் மேஜையில் இருக்கும். பின்னிணைப்பில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைத்தான் அவள் முதலில் படிப்பாள். "நல்ல விஷயத்த எல்லாரும் பெரிய எழுத்துலதான் போடுவாங்க" என்பாள். அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர். அவளுக்கும் அது தெரியும். அதில் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

பச்சை மாவுக் கோப்பு வந்த அன்று காலை பதினோரு மணி இருக்கும். தண்ணீரின் மேல் மிதந்து வளரும் பொட்டு அளவு இலைகளை அரித்தெடுத்து, காயவைத்து, அரைத்த மாவு. புரதம் அதிகம், ரொட்டியில் சேர்க்கலாம், குழந்தைகளுக்கான சத்துமாவில் சேர்க்கலாம் என்று விண்ணப்பம். அக்கா முதல் பக்கத்தைப் புரட்டினாள், கடைசிக்குப் போய்க் கையெழுத்தைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

கம்பெனியை நடத்தியவள் அக்காவோடு பல்கலைக்கழகத்தில் படித்தவள். நான்கு வருடம் ஒரே ஆய்வு மேஜை. நான்கு வருடமும் அவள் முதலிடம், இவள் இரண்டாமிடம். ஒரு தடவை இவள் ராப்பகலாக உழைத்துச் செய்த ஆய்வை அவளிடம் காட்டினாளாம். அவள் படித்துவிட்டு, "பரவால்லையே" என்று திருப்பிக் கொடுத்தாளாம். முப்பது வருடம் ஆகியும் அந்த ஒரு சொல் அக்காவுக்கு ஜீரணமாகவில்லை.

எந்தக் கோப்பை எடுத்தாலும் அதிகாரி முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அந்தக் கம்பெனியில் பங்கு இருக்கிறதா? உறவினர் இருக்கிறார்களா? ஐந்து வருடத்துக்குள் சேர்ந்து வேலை செய்ததுண்டா? நெருங்கிய நட்பு உண்டா? கடைசியில், 'வேறு ஏதேனும்' என்று ஒரு கட்டம். ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால் கோப்பு வேறு ஆளுக்குப் போய்விடும்.

"நெருங்கிய நட்புன்னா என்னடி அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டாள்.

"அடிக்கடி பேசிப்பீங்களா?"

"முப்பது வருஷமா ஒரு வார்த்தை கிடையாது."

"அப்ப 'இல்லை'ன்னு போடுங்க."

நான்கு கட்டத்திலும் 'இல்லை' என்று போட்டாள். ஐந்தாவது கட்டத்தில் ஒரு கோடு கிழித்தாள். அந்தக் கட்டத்தில் கோடு தவிர வேறு எதையும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு என் சிவப்புப் பேனாவுக்கு ஓய்வே இல்லை. முதல் கேள்வி, எடை பார்த்த தராசை எந்த வருடம் சரிபார்த்தீர்கள் என்று. பதில் வந்தது. இரண்டாவது, பக்க எண் ஏன் ஓர் இடத்தில் தாவுகிறது என்று. அதற்கும் பதில் வந்தது. எலிகளுக்குக் கொடுத்த தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து, மாவின் பச்சை நிறத்தை எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள், மூட்டையின் வாயைக் கட்டிய நூல் என்ன நூல். பார்வைக்கு எல்லாம் நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றும் கெடுவை மூன்று வாரம், ஒரு மாதம் என்று நிறுத்தியது. ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாள் சலிக்காமல், கோபம் துளிகூட இல்லாமல், படம் வரைந்து பதில் அனுப்பினாள். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. திட்டி ஒரு வரி எழுதியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஒரு வாரப்பத்திரிகை கிடந்தது. நடுவில் ஒரு பக்கம் மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது.

"அதுல அந்தம்மா பேட்டி இருந்துச்சு" என்றார் அக்காவின் புருஷன், குரலைத் தாழ்த்தி. "அவங்ககிட்ட இருந்து பதில் வர்ற அன்னிக்கு எங்க வீட்டுல எல்லாத்துலயும் ரெண்டு மடங்கு உப்பு. நானும் பொண்ணும் தண்ணி குடிச்சே வயித்த நிரப்பிக்கிறோம். சீக்கிரம் ஒரு முடிவு பண்ணுங்கம்மா."

அடுப்படியிலிருந்து அக்கா, "என்ன அங்க குசுகுசு?" என்றாள். நாங்கள் இருவரும் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

பதினோராவது கேள்விக்கும் பதில் வந்தபோது நிபுணர் குழுவின் தலைவரே எங்கள் அறைக்கு வந்துவிட்டார். அதிர்ந்து பேசாத மனிதர். பலகையைப் பார்த்தார், ஒரே வரிசையில் பதினோரு சிவப்பு.

"போதும்மா" என்றார். "வர்ற கூட்டத்துல இத முடிச்சுடுவோம். இனிமே கேள்வி வேணாம்."

அக்கா தலையாட்டினாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அந்தக் கோப்பால் என் பலகையே அசிங்கமாகிவிட்டது. மூக்குடைபட்ட அக்காவைப் பார்க்க, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, மதியம், என் மேஜைக்கு வந்து நின்றாள். கையில் பூதக்கண்ணாடி.

"நாள நிறுத்து. இன்னொரு கேள்வி இருக்கு."

"அக்கா, தலைவர் என்ன சொன்னாரு?"

"இது நிஜமான கேள்விடி."

"முதல் பதினொண்ணுக்கும் இதையேதான் சொன்னீங்க."

கோப்பை என் முன் விரித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். விரிவாக்கத் திட்டம் என்ற தலைப்பில் ஒரு புகைப்படம். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எதுக்கு இந்தப் படத்த பாத்தீங்க?"

"தலைக்குச் சாயம் போடுறாளான்னு பாத்தேன்" என்றாள், கூச்சமே இல்லாமல். "முடிய விடு. பின்னால பாரு."

பின்னால் ஒரு குளம். திறந்த குளம், மேலே பச்சைப் போர்வை மாதிரி இலை. கரைக்கு அப்பால் லாரிகள் போகிற சாலை. அக்கா வேகமாகப் பக்கங்களைத் திருப்பினாள். பாதுகாப்புச் சோதனைக்குக் கொடுத்த ஐந்து மாதிரிகளும் கூரை போட்ட கொட்டகைக்குள், வடிகட்டின தண்ணீர்த் தொட்டியில் வளர்ந்தவை. விற்கப்போவது குளத்தில் வளர்வது. இந்த இலை தண்ணீரில் எது இருந்தாலும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈயம் இருந்தால் ஈயத்தையும்.

"குழந்தைங்க சத்துமாவுல போடப் போறாங்கடி" என்றாள்.

எனக்குப் புரிந்தது. ஆனாலும் என் கை பேனாவை எடுக்கவில்லை. அக்கா தலைவர் அறைக்குப் போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். அவர் கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம். 'உங்களுக்கு இந்த கம்பெனி மேல என்னம்மா கோபம்' என்று சிரித்தாராம்.

அன்று சாயங்காலம் வரை பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்து, "எனக்கே என்மேல நம்பிக்கை இல்லடி. குளம் கண்ணுல பட்டதும் சந்தோஷமா இருந்துச்சு. பயம் அப்புறம்தான் வந்துச்சு" என்றாள்.

கூட்டத்தில் எட்டு நிபுணர்கள், தலைவர், அக்காவோடு இன்னொரு அதிகாரி, குறிப்பெடுக்க நான். கோப்பு எடுத்துக்கொள்ளப்பட்டதும் அக்கா எழுந்தாள்.

"சார், என் படிவத்த மாத்தி எழுதணும். நான் இந்தக் கோப்பப் பாக்கக் கூடாது."

தலைவர் நிமிர்ந்தார். "இப்ப வந்து சொல்றீங்களே? உறவா?"

"இல்ல சார்."

"காரணம் எழுதணும்மா. காரணம் இல்லாம விலக முடியாது."

என்னிடம் பேனா வாங்கினாள். ஐந்தாவது கட்டத்தில் தான் கிழித்த கோட்டுக்கு மேலேயே ஒரு சொல் எழுதி நீட்டினாள். தலைவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார்.

"பொறாமை." வாய்விட்டே சொல்லிவிட்டார். "இப்படி ஒரு காரணத்த நான் பாத்ததே இல்லம்மா."

"எழுதாம விட்டவங்க நிறைய பேர் இருப்பாங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் காது சுட்டது.

"நான் கேட்ட பதினொண்ணும் வயித்தெரிச்சல்ல கேட்டது" என்றாள். "தள்ளிடுங்க. குளமும் அந்த எரிச்சல்லதான் கண்ணுல பட்டுச்சு. ஆனா குளம் அங்க இருக்கு சார். நான் வெளிய போறேன். எனக்குப் பதிலா பொறாமை இல்லாத யாராவது இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்தப் பாருங்க."

கதவு சாத்திக்கொண்டது. பிறகு காகிதம் புரளும் சத்தம். தினமும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வருவதால் மாப்பிள்ளை என்று நாங்கள் கூப்பிடும் அதிகாரியிடம் கோப்பு கொடுக்கப்பட்டது. அவர்தான் முதலில் சொன்னார்: "இந்தக் குளத்துல வளந்தத யாருமே சோதிக்கலையே."

பன்னிரண்டாவது கேள்வி அலுவலகப் பதிவேட்டில் அவர் பெயரில் ஏறியது. சிவப்பு மையில் எழுதியவள் நான். அக்கா அப்போது தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல், விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கோப்புகளிலிருந்து எடுத்து, லேபிள் பிரிவில் போட்டார்கள். டப்பாவின் மேல் எழுத்து எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்று அளக்கும் வேலை.

பதில் வர நான்கு மாதம் ஆனது. மூன்று குளங்களில் இரண்டில் வளர்ந்த இலையில் ஈயம் வரம்புக்கு மேல். கம்பெனி குளத்தைக் கைவிட்டது. தொட்டியில் வளர்ந்ததை மட்டும் விற்கலாம் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. குழுவுக்குப் போன உள் அறிக்கையில் மாப்பிள்ளையின் பெயர் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு கடிதம் வந்தது. 'பன்னிரண்டாவது கேள்வியைக் கேட்ட அதிகாரிக்கு' என்று முகவரி. பிரித்துப் பதிவு செய்தவள் நான்தான்.

'முதல் பதினோரு கேள்விகளைக் கேட்டவருக்கு எங்கள் தொழில் பிடிபடவே இல்லை என்று நினைக்கிறேன். பன்னிரண்டாவது கேள்வியை என் ஆட்கள் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வந்தபோது என் மகள் நான்கு மாதக் கர்ப்பிணி. சத்துக்கு நல்லது என்று குளத்து மாவை நானே தினமும் பாலில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கேள்வி வந்த அன்றே நிறுத்தினோம். ரத்தம் சோதித்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல வேலையை நான் பார்த்ததில்லை. உங்கள் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.'

மாப்பிள்ளை அதை வாங்கிப் படித்து, தன் மேஜைக்கு மேலே குண்டூசியால் குத்தி வைத்துக்கொண்டார். தப்பு சொல்ல முடியாது. முகவரிப்படி அது அவருக்குத்தான். அக்கா லேபிள் கட்டோடு அந்தப் பக்கம் போனபோது நின்று படித்தாள். கண் ஒரே வரியில் நிற்பதைப் பார்த்தேன். என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"'இவ்வளவு நல்ல வேலை'ன்னு எழுதியிருக்கா" என்றாள். "அதுவும் இந்த மாப்பிள்ளைக்கு! வயிறு பத்திக்கிட்டு எரியுதுடி."

"போன் போட்டு நான் சொல்லிடவா? நீங்கதான்னு?"

"சொன்னா அந்தப் பதினொண்ணும் நான்தான்னு தெரிஞ்சுடுமே."

அந்த அம்மாளுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. குழுவின் வேலையில் அதிகாரிகளின் பெயரைச் சொல்ல விதி இடம் தருவதில்லை என்று வழக்கமாக அனுப்பும் இரண்டு வரிகளை நான் தட்டச்சு செய்தேன். தலைவரின் கையெழுத்துக்கு எடுத்துப்போக எழுந்தபோது, அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"கீழ ஒரு வரி சேரு."

"என்னன்னு?"

"முதல் பதினோரு கேள்வியக் கேட்டதும் இதே ஆள்தான்னு."

"எதுக்கு அக்கா? அந்தப் பாராட்டுல பாதி போயிடுமே."

"போகட்டும்" என்றாள். "மீதி பாதியாவது என்னோடதா இருக்கும்ல."

நான் உட்கார்ந்து அந்த வரியையும் அடித்தேன்.