புதுப் பல்லும் வலை நூலும்

தோணி விளிம்பில் முகம் அடிபட விழுந்து என் முன்பல் போனது. நான் குடித்திருக்கவில்லை என்று சொன்னால் எங்கள் சல்லிக் கிராமத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நகரத்துப் பல் டொக்டர் அம்மா தாடையெலும்புக்குள் ஒரு ஆணியைப் பொருத்தி, அதன்மேல் தற்காலிகமாக ஒரு பல்லை வைத்தார்.

"இது வடிவுக்கு மட்டும்தான். எலும்பு ஆணியைப் பிடிக்க நாலு மாசம் செல்லும். அதுவரைக்கும் இந்தப் பல்லால ஒண்டையும் கடிக்கக் கூடாது."

"ஓம் டொக்டர்" என்று தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல அனுபவம்.

எங்கள் கரையில் கிழிந்த வலை பொத்துகிறவன் எவனும் கத்தரிக்கோல் தேடமாட்டான். முடிச்சைப் போட்டதும் நூலைப் பல்லால் கடித்து அறுப்பான். இரண்டாம் கிழமையே நானும் கடித்தேன். பல் ஆடத் தொடங்கியது.

"என்னத்தைக் கடிச்சனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"ஐயோ, கஞ்சி மட்டும்தான் குடிச்சனான்."

அவர் வாய்க்குள் இடுக்கியை விட்டு, பல்லிடுக்கிலிருந்து பச்சை நைலோன் நூல் ஒன்றை இழுத்து என் கண்முன்னே பிடித்தார்.

"கஞ்சிக்க வலையும் போட்டே காய்ச்சுறனீங்கள்?"

அவர் ஏசவில்லை.

"எலும்பு பிடிக்கேல்லை. ஆணியைக் கழட்டத்தான் வேணும். புண் ஆறினாப் பிறகு திரும்ப வைப்பம்" என்றவர், தன் கைப்பையிலிருந்த நகவெட்டியை என் கையில் வைத்தார். "இனி நூலை இதால வெட்டுங்கோ."

இப்போது இரண்டாவது ஆணி உறுதியாக நிற்கிறது. வலை பொத்துகிறவன் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் ஆணியே தப்பியிருக்கும். வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்க்கிறவரிடமே, அந்த வாயாலேயே பொய் சொன்ன புத்திசாலி நான்.