புளி போட்டுத் தேய்த்த முட்டைகள்

கல்லூரியில் விலங்கியல் கடைசி வருடம் படித்தபோது எனக்கு மூன்று விஷயங்கள் தேவைப்பட்டன. மெட்ராஸில் நரம்பு மண்டலம் பற்றிய மேற்படிப்புக்கு ஓர் இடம், அதற்கு அப்பாவின் சம்மதம், அடைவைக்க ஏற்ற கோழிமுட்டைகள். இடம் கிடைத்துவிடும் என்று எங்கள் மிஸ் உறுதியாகச் சொன்னார். மற்ற இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன.

அப்பா ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் போடுபவர். இரண்டு வருடமாக அவருடைய வலது கை சும்மா இருக்கும்போதெல்லாம் நடுங்கியது. பஞ்சுத்திரி திரிப்பதுபோல விரல்கள் தாமாக உருண்டுகொண்டிருக்கும். நடுமூளையில் கருப்பாக இருக்க வேண்டிய ஒரு பகுதி இந்த நடுக்குவாத நோயில் வெளுத்துப்போகிறது என்று நூலகத்தில் படித்தேன். ஏன் வெளுக்கிறது என்பதற்கு அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை. நரம்பு எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால்தானே எப்படி அழிகிறது என்று கேட்க முடியும்? மெட்ராஸ் ஆசை அங்கேதான் தொடங்கியது.

அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. ஒன்று, எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு, முட்டை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே புழங்காது. அம்மா அதை "அது" என்பாள். அப்பா மட்டும், "நீ என்னத்தப் படிக்கறேன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று திங்கட்கிழமை லீவு போட்டார்.

என்ன காட்டுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முட்டையை இன்குபேட்டரில் ஒன்றரை நாள் வைத்தால், குஞ்சின் முதுகில் இரண்டு மடிப்புகள் எழுந்து, ஒன்றையொன்று தொட்டு, குழாயாக மூடிக்கொள்ளும். மூளையும் தண்டுவடமும் அந்தக் குழாய்தான். திருவெள்ளறையில் விவசாயம் செய்யும் குடும்பத்துப் பெண் ஒருத்தி என்னோடு ஒரே மேசையில் வேலை செய்தாள். வியாழக்கிழமை அவள் வீட்டிலிருந்து ஒரு கூடை முட்டை கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

கூடையை நானும் இன்னொரு ஸ்ரீரங்கத்துப் பெண்ணும் எட்டிப் பார்த்தோம். முட்டைகளில் எச்சமும் வைக்கோலும் ஒட்டியிருந்தன. வெளியிலிருந்து வந்த எதையும் கழுவாமல் உள்ளே வைத்துப் பழகாதவர்கள் நாங்கள். டிபன் டப்பா தேய்க்க வைத்திருந்த புளியைப் போட்டுத் தேய்த்து, பர்னரில் காய்ந்த வெந்நீரில் நன்றாக ஊறவிட்டு அலசினோம். பித்தளைச் சொம்புபோலப் பளிச்சென்று வந்தன. திருப்தியாக இன்குபேட்டரில் அடுக்கி வைத்தோம்.

சனிக்கிழமை காலை உடைத்தால், எல்லாவற்றிலும் வெள்ளைக்கரு ஓரத்தில் வெந்து கட்டியாகியிருந்தது. முட்டை கொண்டுவந்த என் மேசைக் கூட்டாளி நடந்ததைக் கேட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டி, கோழி என்ன குளிப்பாட்டிட்டா அடைகாக்குது?"

"அழுக்கா இருந்துதுடி."

"நல்ல வேளை, மஞ்சள் தடவி குங்குமம் வெக்காம விட்டீங்க."

சிரித்து முடித்ததும் என் முகத்தைப் பார்த்தாள். அப்பா இன்னொரு நாள் லீவு எடுக்கமாட்டார் என்பது அவளுக்கும் தெரியும். மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போய், சாயங்காலமே உமி நிரப்பிய கூடையில் வேறு முட்டைகளோடு திரும்பினாள். இந்தத் தடவை என்னைத் தொடவே விடவில்லை. இன்குபேட்டர் கதவையும் அவளே சாத்தினாள்.

திங்கட்கிழமை அப்பா சட்டைக்கு மேல் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வருவதுபோல வந்தார். முதல் முட்டையில் ஒன்றுமில்லை. இரண்டாவதை வெதுவெதுப்பான உப்பு நீரில் உடைத்தேன். மஞ்சள் கருவின்மேல் குஞ்சு உருவாகும் வட்டத்தைக் கத்தரித்துக் கண்ணாடித் தட்டில் ஏந்தி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். அப்பா குனிந்து, உருவத்தைத் தெளிவாக்கும் திருகுக் குமிழைப் பிடித்தார். பிடித்ததும் கை நடுங்கவில்லை. வேலை கொடுத்தால் இந்த நடுக்கம் அடங்கும் என்று படித்திருந்தேன். இப்போது கண்ணால் பார்த்தேன்.

வெகுநேரம் பார்த்தார். ஏதோ துடிக்கிறதே என்றார். இதயம் என்றேன். முன்பக்கம் மூன்று புடைப்பு இருக்கிறதே என்றார். மூளை என்றேன்.

"எனக்கு எங்க கோளாறு?"

"நடுவுல இருக்கே, அதுலேர்ந்து வளர்ற எடத்துலப்பா."

நிமிர்ந்தார். குமிழை விட்டதும் கை மறுபடி திரி திரிக்க ஆரம்பித்தது.

"மெட்ராஸ்ல போய்ப் படிச்சா இதுக்கு வழி கண்டுபிடிச்சுடுவியா?"

"தெரியாதுப்பா. இப்போதைக்கு யாருக்கும் தெரியாது."

"அப்ப போக வேண்டியதுதான்" என்றார், அடுத்த பஸ் நேரத்தைப் பற்றிப் பேசுவதுபோல. பிறகு என் கூட்டாளியிடம் ஊரில் இந்த வருடம் மகசூல் எப்படி என்று விசாரித்தார்.

வீட்டு வாசலிலேயே அம்மா எங்கள் இருவரையும் நிறுத்தி, முதலில் குளிக்கச் சொன்னாள். அப்பா முதலில் போனார். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே, மெட்ராஸில் அத்தை வீட்டிலிருந்து காலேஜுக்கு எந்த பஸ் போகிறது என்று எழுதிக் கேட்க வேண்டும் என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். துண்டோடு நின்ற அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அதை மட்டும் அத்தையாத்துக்குக் கொண்டு போயிடாதே" என்றாள்.