பன்னிரண்டு நாட்களுக்கான சம்மதம்

“ஓகஸ்ட், கடைசிச் செவ்வாய். இளையோர் அலுவலகத்தில் சந்திப்பு, 9.15 முதல் 9.50 வரை. காட்டுக்குப் போக விருப்பமா என்று மகளிடம் கேட்டார்கள். மூச்சை உள்ளே இழுத்தாள். பதில் சொல்லவில்லை.”

அன்று மாலை என் கொப்பியில் நான் எழுதியது இது. இரண்டு நாள் கழித்து அந்த அலுவலகம் அனுப்பிய குறிப்பில், இதே கேள்விக்கு அவள் ‘ஆம்’ என்று பதில் சொன்னதாக இருந்தது. நாங்கள் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றித்தான் இருந்தோம்.

மகளுக்குப் பதினைந்து வயது. ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. ரொம்மனில் உள்ள எங்கள் வீட்டில் அவளது அறைக் கதவு சாப்பாட்டுத் தட்டுக்கு மட்டும் திறந்தது. அந்த அலுவலகம்தான் இதைச் சொன்னது: ஆறு பிள்ளைகள், இரண்டு பொறுப்பாளர்கள், பன்னிரண்டு நாள் காட்டில். கூடாரம், நடை, சமையல், கதை. போன் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் நாங்கள் கையெழுத்திட வேண்டும்.

கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். காடு பிள்ளைகளைத் திருப்பித் தந்தது என்று எழுதிய பெற்றோர் இருந்தார்கள். அமெரிக்காவில் வற்புறுத்தி இப்படி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள், வளர்ந்த பிறகும் தாய் தகப்பனை நம்பமுடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். பிள்ளை விரும்பிப் போவதுதான் முக்கியம் என்று எனக்குப் பட்டது. ஆனால் எங்கள் பிள்ளையின் விருப்பம் ஒரு மூச்சில் இருந்தது.

இந்த நாட்டில் சிலர் ‘ஆம்’ என்பதற்கான ‘யா’வை மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்வார்கள். வந்த புதிதில், இந்நாட்டின் வடக்குப் பகுதியைச் சேர்ந்த என் மேற்பார்வையாளர் அப்படிச் சொன்னபோது, அவருக்கு நெஞ்சு அடைத்துவிட்டது என்று தண்ணீர் எடுக்க ஓடியிருக்கிறேன். ஆனால் மகள் வீட்டில் ‘ஓம்’ என்பாள், அல்லது பேசாமல் இருப்பாள். அப்படி ஒரு ‘யா’ அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

“பிள்ளை பயந்துபோய் மூச்சை இழுத்தவள். நான் பக்கத்திலை இருந்தனான்,” என்றாள் மனைவி.

“அவை ஓமெண்டு எழுதியிருக்கினமே.”

“அவை எழுதுவினம். நீங்கள் என்னைப் பொம்பிளை பாக்க வந்தண்டும் நான் மூச்சுத்தான் விட்டனான். அதையும் ஓமெண்டு எழுதிப்போட்டியளோ?”

“அண்டைக்கு நீர் ரெண்டாந்தரமும் தேத்தண்ணி கொண்டுவந்தனீர்.”

“அது அம்மா தந்துவிட்டது.”

வியாழன் மாலை மகளின் கதவைத் தட்டினேன்.

“அம்மாச்சி, காட்டுக்குப் போக உங்களுக்கு விருப்பமோ?”

“அதுதான் அண்டைக்கே சொல்லிட்டனே.”

“என்ன சொன்னனீங்கள்?”

“ஹெரகூத், அப்பா!” இந்த ஊர்க் ‘கடவுளே’ அது. “நீங்களும் அங்கைதானே இருந்தனீங்கள்? இப்ப போய்க் கொப்பியிலை எழுதுங்கோ.”

கதவைச் சாத்தினாள். ‘சொல்லிட்டன்’ என்றதால் அவள் எதையோ சொல்லியிருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. மனைவி படிவத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு வெள்ளிக்கிழமை கையெழுத்திட்டாள். நானும் இட்டேன். அவசரத் தொடர்புக்கு என் இலக்கத்தைக் கொடுத்தோம். எதையும் தவறவிடாத ஆள் நான்தான் என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தது.

செப்டெம்பரில் போனாள். திரும்பியபோது உடுப்பெல்லாம் புகை மணந்தது, குதிக்காலில் கொப்புளம். மூன்று கோப்பை சோறு சாப்பிட்டுவிட்டு அடுத்த நாள் மத்தியானம் வரை படுத்தாள். திங்கள் பள்ளிக்கூடம் போனாள். செவ்வாயும் போனாள். புதன் போகவில்லை. நவம்பரில் கிழமைக்கு மூன்று நாள் என்று ஓரளவு நிலைத்தது.

எதனால் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அந்தக் குழுவில் இருந்த திராமன் ஊர்ப் பிள்ளை ஒருத்தி இப்போது அவளுக்குச் சிநேகிதி. சனிக்கிழமைகளில் ரயிலேறி அங்கே போகிறாள். பள்ளிக்கூடத்திலும் ஒக்டோபரில் ஒரு புது ஆசிரியை வந்தார். இவற்றில் காட்டின் பங்கு எவ்வளவு? ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலும் அவள் எழுந்திருப்பாளோ? மனைவியிடம் கேட்டேன். “பிள்ளை போகுது. பேசாமல் இருங்கோவன்,” என்றாள்.

ஜனவரியில் ஒரு நாள் அவளைப் பல்வைத்தியரிடம் காரில் கூட்டிப்போனேன். சிவப்பு விளக்கில் நின்றபோது, வெளியே பார்த்தபடி தானாகவே சொன்னாள்.

“நாலாம் நாள் நான் வீட்டை போகவேணுமெண்டு கேட்டனான், அப்பா. அவை உங்களுக்குப் போன் அடிச்சவை. நீங்கள் எடுக்கேல்லை.”

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

“பிறகு?”

“பிறகென்ன. சமைக்கிற முறை என்ரை. சமைச்சன்.”

“என்னிலை கோவமோ?”

“அப்பவோ, இப்பவோ?”

இரண்டையும் கேட்டேன். “அப்ப, ஓம்,” என்றாள். மற்றதற்குப் பதில் வருவதற்குள் வைத்தியரின் வாசல் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கொப்பியைப் புரட்டினேன். நாலாம் நாளுக்கு எதிரே ‘மழை. காட்டிலிருந்து செய்தி இல்லை’ என்று இருக்கிறது. நான் வேலை செய்யும் வெதுப்பகத்தில் போனை மூன்று மணிவரை அலுமாரியில் பூட்டிவைக்க வேண்டும். மூன்று மணிக்கு அதைப் பார்த்தேனா என்று எழுதவில்லை. எப்போதும் பார்ப்பேன். அந்தப் போன் டிசம்பரில் பழுதாகி இப்போது வேறு போன். தவறிய அழைப்புகளின் பட்டியல் தங்களிடம் இல்லை என்று தொலைபேசி நிறுவனம் சொன்னது. பொறுப்பாளர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மற்றவர், அடித்ததாகத்தான் நினைவு, ஆனால் அது வேறு பிள்ளையின் வீட்டுக்காகவும் இருக்கலாம் என்றார்.

எடுத்திருந்தால் அன்றே போய் அவளைக் கூட்டி வந்திருப்பேன். அது நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நாலாம் நாள் எனக்கு ஓர் அழைப்பு வந்தது என்பது, இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.