திரையில் ஒரு பெயர்

தம்பானூரில் இருக்கும் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு அந்தப் பெரியவர் மலையிலிருந்து இறங்கும் போனக்காட்டு பஸ்ஸில் வருவார். ஒடிசலான உடம்பு, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. ஹார்ட் டிஸ்க்கை நீட்டுமுன் வேட்டி நுனியால் துடைப்பார். இறந்துபோன மகள் பாடிய வீடியோ, அவள் பெயரிலேயே அதில் இருந்தது.

டிஸ்க்கைச் சரிசெய்யும் மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். அதற்காக என் கம்ப்யூட்டருக்குள் விர்ச்சுவல் மெஷினாக இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுவதை அவருக்குக் காட்டினேன். பெயர் திரையில் வந்தது, வீடியோ திறக்கவில்லை.

“ரிப்பேர் பண்ணினா டிஸ்க் நல்லாயிரும் அண்ணாச்சி. பாட்டு அழிஞ்சிரும்.”

“உள்ள ஓடுற கம்ப்யூட்டர் கேடாயிட்டா என்ன செய்வ?”

“அதை முன்னால இருந்த மாதிரியே திருப்பிரலாம்.”

“டிஸ்க்கையும் அப்படித் திருப்பலாமா?”

“முடியாது.”

பெயரை விரலால் தொட்டார். “அப்ப ரிப்பேர் வேண்டாம் தம்பி. பேரு தெரியுதுல்லா, அது போதும்.”

மாதாமாதம் வந்து பெயரைப் பார்த்துவிட்டுப் போனார். போன முறை டிஸ்க் சுழலவே இல்லை. அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முந்தைய மாதம் சேமித்து வைத்த நிலைக்கு விர்ச்சுவல் மெஷினைத் திருப்பினேன். அந்த மாதம் வந்த பெயர் அப்படியே திரையில் நின்றது.

வெகுநேரம் பார்த்தார்.

“டிஸ்க் சத்தம் கேக்கலியே தம்பி.”

டிஸ்க்கைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். அவர் டிஸ்க்கைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“அடுத்த மாசம் வாறேன்.”